"ஐபீரியப் பல்லி ஒரு தட்டு": ஸ்பானிய உணவுப் பட்டியலை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

எழுத்தாணி | திங்கள், காலை 9.40

ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. பெரும்பாலும் ஒப்பந்தங்கள், இயந்திரக் கையேடுகள். இந்த முறை செவியா நகரத்து உணவகம் ஒன்றின் பட்டியல் வந்திருக்கிறது. 94 உருப்படிகள், ஒவ்வொன்றும் மூன்று நான்கு சொற்கள். அரை நாள் வேலை என்று நினைத்து விலை சொல்லிவிட்டேன். இன்று மூன்றாவது நாள்.

அவர்களிடம் ஏற்கெனவே ஓர் ஆங்கிலப் பட்டியல் இருக்கிறது. யாரோ இயந்திரத்தில் போட்டு எடுத்தது. 'வீனோ தே லா காசா' என்றால் கடையின் சொந்த ஒயின். ஆனால் ஸ்பானியத்தில் 'வீனோ' என்பதற்கு 'வந்தான்' என்றும் பொருள் உண்டு. எனவே ஒயின் பகுதியின் முதல் வரி "வீட்டிலிருந்து வந்தான்" என்று நிற்கிறது. குடல்கறிக்குக் 'காய்யோஸ்' என்று பெயர், கால் ஆணிக்கும் அதே சொல்தான். இயந்திரம் கால் ஆணியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது: "மத்ரித் பாணிக் கால் ஆணி, 9 யூரோ". பச்சை பீன்ஸ் 'ஹுதியாஸ் வெர்தெஸ்'. யூதப் பெண்களுக்கும் 'ஹுதியாஸ்' என்பதே சொல். அந்த வரியை இங்கே எழுதப்போவதில்லை.

இதையெல்லாம் திருத்துவது எளிது. நான் மாட்டிக்கொண்டிருப்பது வேறிடத்தில். 'செக்ரேத்தோ', 'ப்ளூமா', 'லகார்த்தோ' என்று பன்றி இறைச்சியில் மூன்று வரிகள் இருக்கின்றன. நேர்ப்பொருள் ரகசியம், இறகு, பல்லி. ஆங்கிலத்தில் என்ன எழுதுவது? அதைவிட முக்கியமாக, எதை மொழிபெயர்க்க வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்பதற்கு உங்களிடம் ஏதாவது முறை உண்டா?

வாசலில் நிற்பவன் | திங்கள், காலை 10.05

எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுங்கள். ஸ்பெயினுக்குப் போகிறவன் ஸ்பானியச் சாப்பாடு சாப்பிடத்தான் போகிறான். பீட்சாவை யார் மொழிபெயர்க்கிறார்கள்?

பழைய அகராதி | திங்கள், காலை 11.30

பீட்சாவை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, ஏனென்றால் அது ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிட்டது. தாப்பாஸ், பாயேயா, சோரிசோ, காஸ்பாச்சோ ஆகியவையும் அப்படியே. ஆங்கில அகராதியைத் திறந்தால் இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம். ஆனால் 94 வரிகளில் அந்த வகை பத்துகூடத் தேறாது.

தேறுகிறவற்றிலும் கண்ணிவெடிகள் உண்டு. 'தொர்த்தியா' என்று எழுதினால் அமெரிக்கன் மெக்சிகோவின் சோள ரொட்டியை நினைத்துக்கொள்வான். வருவதோ முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்த தடித்த அடை. 'ஓர்ச்சாத்தா' மெக்சிகோவில் பெரும்பாலும் அரிசியில் செய்யும் பானம். வலென்சியாவில் அதைச் 'சூஃபா' என்ற கோரைக்கிழங்கில் செய்கிறார்கள். காஸ்பாச்சோ என்றதும் எல்லோருக்கும் குளிர்ந்த தக்காளிச் சாறு நினைவுக்கு வரும். ஆனால் லா மான்ச்சா பக்கத்துக் 'காஸ்பாச்சோ மன்சேகோ' முயல், காடைபோன்ற வேட்டை இறைச்சியைப் புளிப்பேறாத தட்டை ரொட்டித் துண்டுகளோடு வேகவைக்கும் சூடான குழம்பு. ஜூலை வெயிலில் குளிர்ச்சிக்காக அதைக் கேட்டு வாங்கியவர் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

எழுத்தாணி, நீங்கள் சொல்லிலேயே கண் வைத்திருக்கிறீர்கள். சாப்பிட உட்கார்ந்தவர் 'செக்ரேத்தோ' என்றால் என்ன பொருள் என்று கேட்பதில்லை. தட்டில் என்ன வரும், எப்படிச் சமைத்தது, கூட என்ன இருக்கும் என்றுதான் கேட்கிறார். மொழிபெயர்க்க வேண்டியது தட்டை. அதற்கு அகராதி போதாது. என் பெயரை வைத்துக்கொண்டு நானே இதைச் சொல்கிறேன். சமையலறையிடம் கேட்க வேண்டும்.

தட்டு தூக்கி | திங்கள், மதியம் 1.15

மாலகாவில் மூன்று கோடைக்காலம் மேசை பார்த்தவன் நான். அகராதி ஐயா சொல்வதற்குச் சாட்சி சொல்ல வந்தேன்.

பட்டியலில் ஒரு சொல் தவறாக இருந்தால் அதற்கான விலையைப் பரிமாறுகிறவன்தான் கொடுக்கிறான். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு நிமிடம் நின்று விளக்க வேண்டும். எங்கள் கடையில் 'ஆ லா பிளான்ச்சா' என்பது "இஸ்திரி போட்டது" என்று இருந்தது. பிளான்ச்சா என்றால் துணி தேய்க்கும் பெட்டியும்தான், அடுப்பில் வைக்கும் தட்டையான இரும்புக் கல்லும்தான். நம் தோசைக்கல் தவிர வேறில்லை. கணவாயைக் கல்லில் போட்டு, எண்ணெய் தடவி, இரண்டு புரட்டுப் புரட்டி எடுப்பார்கள். தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் "கல்லில் வாட்டியது" என்று ஒரே மூச்சில் முடித்திருப்பேன்.

ஆங்கிலத்தில்தான் திண்டாட்டம். எல்லோரும் 'கிரில்டு' என்று எழுதிவிடுகிறார்கள். பிரிட்டனில் கிரில் என்றால் தணல் மேலே இருக்கும், பண்டம் கீழே இருக்கும். அமெரிக்காவில் நெருப்பு கீழே, கம்பி வலை மேலே. இரண்டுமே பிளான்ச்சா இல்லை. கம்பி வலையில் சுடுவதற்கு ஸ்பானியத்தில் 'பரியா' என்ற தனிச்சொல் இருக்கிறது. தணலில் சுட்டதைப் 'பிராசா' என்கிறார்கள். எங்கள் பட்டியலில் மூன்றும் இருந்தன, மூன்றுக்கும் ஒரே ஆங்கிலச் சொல். "இரண்டும் கிரில் என்றுதானே போட்டிருக்கிறது, இதற்கு மட்டும் ஏன் நான்கு யூரோ கூடுதல்?" என்று ஒரு பெண்மணி கேட்டார். கரி அடுப்பு என்று சொல்லிப் புரியவைத்தேன். பட்டியலே சொல்லியிருக்கலாம்.

எழுத்தாணி | திங்கள், மதியம் 1.50

'கிரிடில்டு' என்று எழுதினால்?

தட்டு தூக்கி | திங்கள், மதியம் 2.02

சரியான சொல்தான், ஆனால் பசியைக் கிளப்பாது. 'சூடான கல்லில் சுட்டெடுத்தது' என்ற பொருளில் 'சியர்டு' என்று சில நல்ல கடைகள் போடுகின்றன. மீனுக்குப் பொருந்துகிறது. காய்கறிக்குக் 'கிரில்டு' என்றே விட்டுவிடுங்கள், கத்திரிக்காய்க்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

மீன்முள் | திங்கள், மாலை 6.20

மீன் பகுதியைத் தயவுசெய்து இயந்திரத்திடம் கொடுக்காதீர்கள். ஸ்பானிய மீன் பெயர்களில் பாதி வேறு எதற்காவது பெயராகவும் இருக்கிறது. 'தொராதா' என்றால் பொன்னிறமானது. 'எம்பெரதோர்' என்றால் பேரரசர், தட்டில் வருவது வாள்மீன். 'கய்யோ' என்றால் சேவல், மத்ரித் சந்தையில் அது ஒரு தட்டை மீன். "வறுத்த சேவல்" என்று படித்துவிட்டுக் கோழி வரும் என்று காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'ராப்பெ' என்று ஓர் அருமையான மீன் உண்டு, ஆங்கிலத்தில் மாங்க்ஃபிஷ். அதன் நான்கு எழுத்துகளை ஆங்கிலக் கண் எப்படிப் படிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குற்றவியல் சட்டத்தில் இருக்கும் சொல் அது. அதை மொழிபெயர்க்காமல் 'அப்படியே விடுகிற' கட்சிக்காரர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இவை கண்ணில் குத்தும் தவறுகள், யாராவது பிடித்துவிடுவார்கள். பிடிபடாத தவறுதான் ஆபத்தானது. 'போனீத்தோ தெல் நோர்த்தெ' என்று ஒரு சூரை வகை. போனீத்தோ என்றால் அழகானது என்பதால் "வடக்கத்தி அழகன்" என்று இயந்திரம் எழுதும், சிரித்துவிட்டுத் திருத்துவீர்கள். திருத்தி என்ன எழுதுவீர்கள்? 'போனிட்டோ' என்றுதானே? ஆங்கிலத்தில் அந்தப் பெயரில் வேறொரு மீன் இருக்கிறது. வடக்குக் கடலின் போனீத்தோவுக்கு ஆங்கிலத்தில் அல்பகோர், அறிவியல் பெயர் துன்னுஸ் அலலுங்கா. வெள்ளைச் சதை, விலையும் கூடுதல். கடைக்காரர் நல்ல சரக்கைப் போட்டு மட்டமான சரக்கின் பெயரில் விற்றுக்கொண்டிருப்பார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ஒவ்வொன்றும் மீன்களின் வணிகப் பெயர்களை அறிவியல் பெயரோடு பட்டியலிட்டு வெளியிட வேண்டும் என்பது விதி. ஸ்பானியப் பட்டியலில் அறிவியல் பெயரைப் பிடியுங்கள், அயர்லாந்தின் பட்டியலில் அதே அறிவியல் பெயருக்கு நேரே இருக்கும் ஆங்கிலப் பெயரை எடுங்கள். லத்தீன் வழியாகப் போனால் வழி தவறாது.

நெத்திலிக்கு மட்டும் இதுவும் உதவாது. ஸ்பானியத்தில் ஒரே மீனுக்கு இரண்டு பெயர். பச்சையாகவோ வினிகரில் ஊறியோ இருந்தால் 'போகெரோன்', உப்பில் பதப்படுத்திப் பழுப்பாகிவிட்டால் 'அஞ்சோவா'. ஆங்கிலத்தில் இரண்டுமே ஆஞ்சோவிதான். பீட்சா மேல் கிடக்கும் உப்புத் துண்டை நினைத்துக்கொண்டு பலர் போகெரோனையும் ஒதுக்கிவிடுகிறார்கள். 'வினிகரில் ஊறிய வெள்ளை ஆஞ்சோவி' என்றோ 'புது ஆஞ்சோவிப் பொரியல்' என்றோ முன்னால் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

சைவப்பூனை | திங்கள், இரவு 9.10

லண்டனில் இருக்கிறேன், ஆண்டுக்கு ஒரு முறை ஸ்பெயின் போய்வருகிறேன், சைவம். இங்கே யாரும் பட்டினி கிடந்தவர்களின் தரப்பைப் பேசவில்லையே!

'சாண்ட்விச் வெஹெத்தால்' என்று எல்லாக் கடையிலும் இருக்கும். ஆங்கிலத்தில் "வெஜிடபிள் சாண்ட்விச்". முதல் தடவை நம்பி வாங்கினேன். கீரை இலை, தக்காளி, அவித்த முட்டை, அவற்றுக்கு நடுவே சூரை மீன். வெஹெத்தால் என்றால் 'காய்கறியும் இருக்கிறது' என்று பொருள், 'காய்கறி மட்டும்' என்று இல்லை. 'கலவை சாலட்' என்பதிலும் சூரை மீன் கிடக்கும். பீன்ஸ் கேட்டால் ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடைத் துண்டுகளோடு வரும். கோர்தொபாவின் சல்மொரேஹோ தக்காளியும் ரொட்டியும் அரைத்த கூழ், அருமையாக இருக்கும். ஆனால் மேலே முட்டையும் ஹமோனும் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள். "இது இறைச்சி இல்லை, ஹமோன்தான்" என்று ஒரு பெரியவர் எனக்கு அன்போடு விளக்கினார். அவர் பார்வையில் அது உண்மை. அங்கே 'கார்னெ' என்றால் அடுப்பில் சமைத்த இறைச்சித் துண்டு.

ஆகவே எழுத்தாணி, ஸ்பானிய மூலத்தில் எழுதாததையும் நீங்கள் எழுத வேண்டியிருக்கும். உள்ளூர்க்காரருக்குச் சல்மொரேஹோ என்றால் ஹமோன் தூவுவார்கள் என்று தெரியும், அதனால் மூலம் சொல்லாது. ஆங்கில வரி சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. 2014 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவகங்கள் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றித் தகவல் தர வேண்டும். பொரித்த பண்டங்களுக்கு ஸ்பானியத்தில் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. 'ரெபொசாதோ' என்றால் பெரும்பாலும் மாவும் முட்டையும், 'எம்பனாதோ' என்றால் ரொட்டித்தூள், 'ஆ லா அந்தலூசா' என்றால் வெறும் மாவில் புரட்டியது. மூன்றையும் "ஃபிரைடு" என்று எழுதிவிட்டால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் என்ன செய்வார்? என் தோழி ஒருத்திக்கு முட்டை ஆகாது, அவளுக்கு ரெபொசாதோவும் அந்தலூசாவும் ஒன்றில்லை.

வாசலில் நிற்பவன் | திங்கள், இரவு 9.25

சரி, சரி. 'அப்படியே விடுங்கள்' என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பாதி மட்டும்.

எழுத்தாணி | செவ்வாய், காலை 8.30

பூனை அக்கா, நன்றி. சமையலறைக்குக் கேள்விகள் அனுப்ப ஆரம்பித்துவிட்டேன், இதுவரை 31. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

'என்த்ராந்தெஸ்' என்ற தலைப்பை 'ஆன்ட்ரே' என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் ஆன்ட்ரே என்பது முதன்மை உணவு, எனவே அமெரிக்கர்கள் ஆலிவ் காய்க் கிண்ணத்தை முதன்மை உணவாகக் கேட்டிருப்பார்கள். 'ஸ்டார்ட்டர்ஸ்' என்று மாற்றிவிட்டேன். விலை நிரலில் ஏழு இடங்களில் 'எஸ்/எம்' என்று மட்டும் இருந்தது. சிறியது, நடுத்தரம் என்று அளவாகப் புரிந்துகொண்டு, மூலத்தில் இல்லாத 'பெரியது' எங்கே என்று தேடினேன். 'செகூன் மெர்காதோ' என்பதன் சுருக்கமாம், அன்றைய சந்தை விலை. நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் தெரிந்தது.

பன்றிக்கறி இன்னும் அப்படியே கிடக்கிறது.

பழைய அகராதி | செவ்வாய், காலை 10.10

அதற்கு வருகிறேன். ஐபீரியப் பன்றியை ஸ்பானியக் கசாப்புக்காரர் வெட்டுகிற மாதிரி ஆங்கிலேயர் வெட்டுவதில்லை. வெட்டு இல்லாத ஊரில் பெயர் எப்படி இருக்கும்? செக்ரேத்தோ தோள்பட்டைப் பக்கம் கொழுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் மெல்லிய விசிறி போன்ற துண்டு. மறைந்திருப்பதால் ரகசியம். ப்ளூமா முதுகுக் கறியின் கழுத்துப்பக்க முனை, வடிவம் இறகு. லகார்த்தோ விலாவை ஒட்டி ஓடும் நீண்ட பட்டை, பல்லி மாதிரி. ஆங்கிலத்தில் ஒருசொல் மாற்றுத் தேடிப் பயனில்லை. ஸ்பானியப் பெயரை வைத்து, பின்னால் ஐந்தாறு சொல்லில் விளக்குங்கள்: 'செக்ரேத்தோ, ஐபீரியப் பன்றியின் தோள்பக்கக் கொழுப்பு விரவிய துண்டு, தணலில் சுட்டது' என்கிற அளவில். அதிலும் பிளான்ச்சாவா தணலா என்று தம்பி தட்டு தூக்கி சொன்னபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹமோனில் மட்டும் கவிதை எழுத வேண்டாம், அங்கே சட்டம் இருக்கிறது. 2014இன் 4ஆம் எண் அரச ஆணைப்படி ஐபீரிய ஹமோனுக்கு நான்கு நிற முத்திரை. கறுப்பு முத்திரை முழு ஐபீரிய இனத்துக்கு, அதுவும் மேய்ச்சல் காட்டில் ஓக் மரத்துக் கொட்டை தின்று கொழுத்ததற்கு மட்டும். சிவப்பும் கொட்டை தின்றதுதான், ஆனால் கலப்பினம். பச்சையும் வெள்ளையும் தீவனம் தின்றவை, அவற்றில் பச்சைக்கு மேய்ச்சலும் உண்டு. 'பெயோத்தா', அதாவது அந்த ஓக் கொட்டை, என்று மூலத்தில் இருந்தால் மட்டுமே ஆங்கிலத்தில் 'ஏக்கார்ன்-ஃபெட்' என்று எழுதலாம். அழகாக இருக்கிறதே என்று தீவனப் பன்றிக்கும் அதைச் சேர்த்தால், மொழிபெயர்ப்பாளர் பொய் விளம்பரம் எழுதியவர் ஆகிவிடுவார். 'பாத்தா நேக்ரா', அதாவது கறுங்கால், கறுப்பு முத்திரைக்கு மட்டுமே உரியது. 'செர்ரானோ' என்பது மலைநாட்டு என்று பொருள்பட்டாலும் "மவுன்டன் ஹாம்" என்று எழுதாதீர்கள். அது வேறு பன்றி இனம், வேறு விலை, செர்ரானோ என்ற பெயரிலேயே உலகமெங்கும் விற்கிறது.

வாசலில் நிற்பவன் | செவ்வாய், காலை 11.00

என் மீதிப் பாதிக்காக ஒரு கேள்வி. இனிப்புகளின் பெயரையும் விளக்கத்தால் கொன்றுவிடுவீர்களா? 'தொசீனோ தே சியேலோ' என்றால் வானுலகப் பன்றிக்கொழுப்பு. எவ்வளவு நல்ல பெயர்! அதை "முட்டை மஞ்சள்கரு இனிப்பு" என்று எழுதினால் யார் சாப்பிடுவார்கள்?

தட்டு தூக்கி | செவ்வாய், காலை 11.20

சைவப்பூனை அக்கா சாப்பிடுவார், பன்றி இல்லை என்று தெரிந்தால்!

இரண்டையும் எழுதலாம். ஹெரெஸ் ஊரில் ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவைப் பயன்படுத்துவார்கள். மிஞ்சிய மஞ்சள்கருவைக் கன்னியர் மடங்களுக்குக் கொடுக்க, அவர்கள் சர்க்கரைப் பாகு சேர்த்து இதைச் செய்தார்கள் என்று அங்கே சொல்வார்கள். பளபளப்பாகக் கொழுப்புத் துண்டு மாதிரியே இருக்கும். மேசையில் இதைச் சொன்னால் பத்துப் பேரில் எட்டுப் பேர் வாங்குவார்கள். 'லெச்சே ஃபிரீத்தா', பொரித்த பால், அதுவும் அப்படித்தான். நேர்ப்பொருளே ஆசையைத் தூண்டுகிறது. 'ரோப்பா வியேஹா', பழந்துணி, நாராகக் கிழித்த இறைச்சி. அதற்கும் பெயரோடு விளக்கம்.

பழைய அகராதி | செவ்வாய், மதியம் 12.40

இனிப்புக்கு ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. ஸ்பானியர்கள் சுருள் கேக்கை 'பிராசோ தே ஹிதானோ' என்கிறார்கள், நேர்ப்பொருள் ஜிப்சியின் கை. ஒரு சமூகத்தாரின் பெயரைத் தின்பண்டத்துக்கு வைத்து ஆங்கிலத்தில் அச்சிடத் தேவையில்லை. 'க்ரீம் வைத்த சுருள் கேக்' போதும்.

பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு பண்டத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாமே சாட்சி. மிளகுத்தண்ணீர் என்ற பெயரை ஆங்கிலேயர்கள் 'மல்லிகடானி' ஆக்கிக் கொண்டுபோனார்கள். கப்பல் ஏறியது பெயர்தான். அங்கே கிண்ணத்தில் வருவது கோழியும் மாவும் கறிப்பொடியும் போட்ட கெட்டிச் சூப், ஆப்பிள்கூடப் போடுகிறார்கள்.

மீன்முள் | செவ்வாய், மதியம் 12.55

ஆப்பிளா!

எழுத்தாணி | புதன், மாலை 5.45

சமையலறையிலிருந்து பதில் வந்துவிட்டது. 31 கேள்விக்கும் பெரிய சமையல்காரரே குரல்பதிவில் பதில் சொல்லியிருக்கிறார், பின்னணியில் பாத்திரச் சத்தத்தோடு. போனீத்தோ அல்பகோர்தான், மீன்முள்ளுக்கு ஒரு கும்பிடு. ரெபொசாதோவில் முட்டை இல்லை, கடலைமாவும் தண்ணீரும் மட்டும், ஆனால் அதே எண்ணெயில்தான் எம்பனாதோவும் பொரிகிறதாம். அதைக் கடைக்காரரிடம் சொல்லிப் பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்க்கச் செய்திருக்கிறேன். ஹமோன் சிவப்பு முத்திரை. பழைய ஆங்கிலப் பட்டியல் 'பாத்தா நேக்ரா' என்றே விட்டிருந்தது, அதை எடுத்தாகிவிட்டது. கடைக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

ஒரு வரி மட்டும் பாக்கி. 'குரோக்கேத்தாஸ் தே லா அபுவேலா', பாட்டி குரோக்கேத்தாஸ், அதாவது உள்ளீடு வைத்து உருட்டிப் பொரிக்கும் பண்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "முந்தின நாள் கொசீதோவில் என்ன மிஞ்சியதோ அது" என்றார். கொசீதோ என்றால் இறைச்சியும் கொண்டைக்கடலையும் சேர்த்து வேகவைக்கும் குழம்பு. ஒரு நாள் கோழி, ஒரு நாள் மாட்டிறைச்சி, ஒரு நாள் ஹமோன் எலும்பைச் சுரண்டியது. 'பாட்டியின்' என்பதை விட்டுவிடலாமா என்றும் கேட்டேன். அது வியாபாரத் தந்திரம் இல்லையாம். அவருடைய பாட்டிக்கு 84 வயது, வியாழக்கிழமைதோறும் வந்து உருட்டிக் கொடுக்கிறார்.

சைவப்பூனை | புதன், மாலை 6.30

'பாட்டி' இருக்கட்டும். 'உள்ளீடு தினமும் மாறும், இறைச்சி உண்டு, பரிமாறுபவரிடம் கேளுங்கள்' என்று போடுங்கள்.

தட்டு தூக்கி | புதன், மாலை 6.41

வியாழக்கிழமை பாட்டி உருட்டுகிறார் என்பதையும் போடுங்கள். வியாழக்கிழமை மேசை கிடைக்காது, பாருங்கள்.

எழுத்தாணி | புதன், மாலை 7.05

போட்டுவிட்டேன். கடைக்காரர் பாட்டியிடம் அனுமதி கேட்கப் போயிருக்கிறார்.